ஏழாவது திரை

அந்த விசைப்பலகையை இன்னும் நான்கு விரற்கடை உங்கள் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டால் மணிக்கட்டு வலிக்காது. உட்கார்ந்ததிலிருந்து மூன்று முறை வலது கையை உதறிவிட்டீர்கள். தப்பாக நினைக்கவேண்டாம் மேடம், பழக்கதோஷம். ஆட்கள் கணினி முன்னால் உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் என் வேலை. எங்கே தயங்குகிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள், எதைப் படிக்காமல் தாண்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். பிறகு அதற்குத் தகுந்தபடி திரையை மாற்றச் சொல்வேன். எட்டு வருடம் இதைத்தான் செய்தேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

எங்கள் நிறுவனம் மருத்துவமனை வார்டுகளுக்கான மென்பொருள் செய்கிறது. மருத்துவர் மருந்து எழுதினால் அது திரையில் வரும். நர்ஸ் அதைத் திறந்து பார்த்து, உறுதி செய்து, மருந்தைக் கொடுக்கவேண்டும். ஏதாவது சந்தேகம் இருந்தால் ஒரு மஞ்சள் பெட்டி எழும். அதில் இரண்டு வரி எச்சரிக்கை இருக்கும். கீழே இரண்டு பொத்தான்கள்: ‘தொடர்’, ‘நிறுத்து’. அவ்வளவுதான். அந்தப் பெட்டியை வடிவமைத்தவன் நான்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. பார்ப்பவன் பேசக்கூடாது. பயனர் தடுமாறினாலும் உதவக்கூடாது. நாம் வாய் திறந்துவிட்டால் அவர் இயல்பாக என்ன செய்வார் என்பது கெட்டுப்போகும். யாராவது திரும்பி, “இதை அழுத்தலாமா?” என்று கேட்டால் சொல்வதற்கு ஒரே வாக்கியம்தான் வைத்திருப்போம். “நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க. வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க.” இதை ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். என் மனைவி இதை வைத்தே என்னைக் கேலி செய்வாள். நான் சமையலறைப் பக்கம் போனால், “நீங்க இங்க இல்லைன்னு நினைச்சுக்கிறேன், வழக்கமா அப்படித்தானே” என்பாள்.

இன்னொன்று என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. என் கையாலேயே எழுதி ஒட்டியது. ‘பயனர் பிழை என்று ஒன்று கிடையாது. திரையின் பிழை மட்டுமே உண்டு.’ அலுவலகத்தில் அதைப் பார்த்து எனக்குப் புலவர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வாக்கியத்தை நான் நம்பினேன். ஒருவர் கதவை இழுப்பதற்குப் பதில் தள்ளினால் அது கதவு செய்தவனின் குற்றம். இதுதான் எங்கள் துறையின் அரிச்சுவடி.

மஞ்சள் பெட்டியில் முன்பெல்லாம் ‘தொடர்’ பொத்தான் மேலே வலது மூலையில் இருந்தது. நர்ஸ்கள் டேப் என்கிற கையடக்கத் தொடுதிரைக் கணினியை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே வேலை செய்கிறவர்கள். ஒரு ஷிஃப்ட்டில் நூறு மஞ்சள் பெட்டிகளுக்கு மேல் வரும். அதில் தொண்ணூறு வெறும் சம்பிரதாயம். ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. நான் பதினாறு நாள் அந்த வார்டில் நின்று பார்த்துவிட்டு, பொத்தானைக் கீழே, கட்டைவிரல் எப்போதும் இருக்கிற இடத்துக்கே கொண்டுவந்தேன். ஒரு பெட்டிக்கு மூன்று விநாடி மிச்சம். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அங்கே ஒரு நர்ஸ் உண்டு, எதைச் சொன்னாலும் சிரிப்பாள். சிரிப்பு சிஸ்டர் என்றுதான் நோயாளிகள் கூப்பிடுவார்கள். “சார், உங்க புண்ணியத்துல என் கட்டைவிரலுக்கு அஞ்சு வயசு குறைஞ்சுபோச்சு” என்றாள். அதை என் அறிக்கையில் மேற்கோளாகச் சேர்த்துக்கொண்டேன்.

என் மனைவியைச் சேர்த்ததும் அதே வார்டில்தான். சிறுநீரகத்தில் தொற்று. நான்கு நாள் காய்ச்சல். வயது இருபத்தெட்டு. காலையில் சேர்த்தோம். மதியம் இரண்டு மணி வாக்கில் ஊசி போட்டார்கள். மூன்றரைக்கு மருத்துவர் வெளியே வந்து என் தோளில் கை வைத்தார்.

பதிவுகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மதியம் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு மஞ்சள் பெட்டி எழுந்தது. ‘ஒவ்வாமை விவரம் உறுதி செய்யப்படவில்லை. கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் கேட்கவும்.’ சிரிப்பு சிஸ்டர் ‘தொடர்’ அழுத்த எடுத்துக்கொண்ட நேரம் பூஜ்யம் புள்ளி ஆறு விநாடி. அந்த நேரத்தில் மனிதக் கண்ணால் இரண்டு சொல் படிக்கலாம். நான் அறையில்தான் இருந்தேன். சிஸ்டரின் கன்னத்தில் மஞ்சள் வெளிச்சம் விழுந்து மறைந்ததைப் பார்த்தேன். விரல் தடுமாறாமல் போய் வந்தது. நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். அப்போது நினைத்ததை அப்படியே சொல்கிறேன்.

ஒரு வாரம் கழித்து சிரிப்பு சிஸ்டர் என்னைப் பார்க்க அலுவலகத்துக்கு வந்தாள். வரவேற்பறையில் நின்றுகொண்டே பேசினாள்.

“சார், பெட்டி வந்துதுன்னு சொல்றாங்க. எனக்கு ஞாபகமே இல்ல சார். சத்தியமா ஞாபகமில்ல.”

“தெரியும்” என்றேன். ஞாபகம் இருக்காது. இருக்கக்கூடாது என்றுதான் வடிவமைத்தேன்.

இப்படி ஏதாவது நடந்தால் எங்கள் நிறுவனம் ஓர் அறிக்கை எழுதி மருத்துவமனைக்குத் தரவேண்டும். கடைசிப் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு பகுதி. இரண்டு கட்டங்கள்: ‘திரை’, ‘பயனர்’. ஒன்றில் மட்டும் குறியிடலாம். இரண்டிலும் குறியிட அந்தப் படிவம் அனுமதிக்காது. அதுவும் நான் செய்த படிவம்தான்.

மேலாளர் நல்லவர். “வேற ஆளை எழுதச் சொல்றேன். நீ ரெண்டு மாசம் லீவு எடுத்துக்கப்பா” என்றார். நான்தான் எழுதுவேன் என்றேன். அந்தப் பெட்டியை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. அவர் சரி என்றுவிட்டார். மனைவி செத்தவனிடம் யாரும் இரண்டாவது தடவை மறுத்துப் பேசுவதில்லை. இந்தக் காலத்தில் அதைக் கவனித்தேன்.

வீட்டில் அத்தை இருந்தார்கள். என் மனைவியின் அம்மா. காரியங்கள் முடிந்தபிறகும் அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. திரும்பி யாரிடம் போவது. முதல் நாளே என்னிடம் கேட்டார்கள்.

“சின்ன வயசுல அவளுக்கு ஒரு ஊசி போட்டு உதடெல்லாம் வீங்கி, மூச்சு நின்னு, பொழைச்சதே பெரும்பாடு மாப்பிள்ளை. கல்யாணத்தப்பவே உங்ககிட்ட சொன்னேனே. ஆஸ்பத்திரில அதைச் சொன்னீங்கல்ல?”

“சொன்னேன் அத்தை.”

“சொல்லியுமா போட்டாங்க?”

அதன்பிறகு தினமும் சாப்பாடு போடும்போது ஒரே கேள்விதான். “யார் தப்புன்னு எழுதிட்டாங்களா மாப்பிள்ளை?” குரலை உயர்த்திக் கேட்கமாட்டார்கள். குழம்பு ஊற்றட்டுமா என்பதுபோல் கேட்பார்கள். இன்னும் இல்லை என்பேன். என் மனைவியின் செல்பேசியில் காலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்திருப்போம். யாரும் போய் நிறுத்தமாட்டோம். அது தானாக ஓய்வதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

‘திரை’ என்று குறியிட்டால் அவளைக் கொன்றவன் நான். ‘பயனர்’ என்று குறியிட்டால் சிரிப்பு சிஸ்டர். எட்டு வருடம் சுவரில் ஒட்டி வைத்திருந்த வாக்கியத்தின்படி முதல் கட்டம்தான். ஆனால் ஒரு வாக்கியத்தை நம்பி இவ்வளவு பெரிய விஷயத்தை முடிவு செய்ய முடியாது. அளந்து பார்க்கவேண்டும். யோசித்துப் பார்த்தால் கேள்வி எளிமையானது. சிஸ்டரின் இடத்தில் வேறு ஒருவர் இருந்திருந்தால் நின்று படித்திருப்பாரா? ஒரே ஒருவர் படித்திருந்தாலும் போதும். படிக்க முடிகிற பெட்டிதான் என்று ஆகிவிடும். படிக்காதது சிஸ்டரின் தவறு. எனக்கு ஒரே ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஓர் ஆள் கிடைத்ததும் நிறுத்திவிடுவதாக முடிவு செய்துகொண்டேன். அதை நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். உங்களிடம்தான் இருக்கிறது.

முதலில் முறைப்படிதான் செய்தேன். பன்னிரண்டு நர்ஸ்களை எங்கள் சோதனை அறைக்கு வரவழைத்தேன். கற்பனை நோயாளி, கற்பனை மருந்து, அதே மஞ்சள் பெட்டி. பதினோரு பேர் நின்று படித்தார்கள். சிலர் வாய்விட்டே படித்தார்கள். ஓர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “அலர்ஜின்னா கேட்டுட்டுத்தான் சார் போடணும், இது கூடவா தெரியாது” என்று கொஞ்சம் கோபப்பட்டார்கள்.

அந்த முடிவு செல்லாது. சோதனை அறைக்குள் வந்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள். யாரோ பார்க்கிறார்கள் என்று தெரியும். பரீட்சை ஹாலில் எல்லோரும் கேள்வித்தாளை இரண்டு தடவை படிப்பதுபோல. உண்மையான வார்டில், உண்மையான நாளில், நான்கு பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஆய்வுக்காக வார்டுத் திரையில் எதையும் மாற்றிப் பார்க்கும் அனுமதி எனக்கு இருந்தது. அதனால் சத்து மாத்திரைகளுக்கு மஞ்சள் பெட்டி வரும்படி செய்தேன். அதனால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. நாற்பது பெட்டிகள். நாற்பதிலும் ‘தொடர்’. சராசரி பூஜ்யம் புள்ளி ஏழு. ஆனால் இதுவும் செல்லாது. சத்து மாத்திரைக்கு எச்சரிக்கை வந்தால் நானே மதிக்கமாட்டேன். நர்ஸ்கள் முட்டாள்கள் இல்லை. எங்கே அலட்சியம் செய்யலாம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே பெட்டி உண்மையாக இருக்கவேண்டும். எச்சரிக்கை உண்மையாக இருக்கவேண்டும். மருந்தும்.

ஏன் அப்படித் தாவினீர்கள் என்கிறீர்கள். அது தாவல் இல்லை மேடம். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்துதான் வந்தது. நீங்கள் தட்டச்சு செய்ததைத் திரும்பப் படித்துப் பார்த்தால் தெரியும்.

மருத்துவர் எழுதிய ஊசியை எடுத்துவிட்டு, அந்த நோயாளிக்கு ஆகாது என்று ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஊசியைப் போட்டேன். மஞ்சள் பெட்டியை நான் மறைக்கவில்லை. ‘இந்த நோயாளிக்கு ஒவ்வாமை பதிவாகியுள்ளது. கொடுப்பதற்கு முன் நோயாளியிடம் கேட்கவும்’ என்று அது ஒழுங்காக எழுந்தது. எழுத்து பெரியதாக இருந்தது. படித்தால் தப்பிக்கலாம். ஒவ்வொருவருக்கும் அந்த வாய்ப்பு முழுமையாகக் கொடுக்கப்பட்டது. இதைத் தயவுசெய்து பதிவு செய்யுங்கள்.

முதல் தகவல் அறிக்கையில் நீங்கள் மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு.

முதலாவது, தையற்கடை நடத்துகிற ஓர் அம்மா. பெட்டி ஒரு விநாடிகூட நிற்கவில்லை. முகம் வீங்கியது, மூச்சு இரைத்தது. அதிர்ஷ்டவசமாக எதிர்ப் படுக்கையில் மருத்துவர் இருந்தார். ஐந்து நாளில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரண்டாவது, ஒரு கல்லூரி மாணவர். அவருடைய பெட்டிக்கும் அதே கதிதான். ஆனால் அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. உண்மையில் அவருக்கு அந்த ஒவ்வாமை இல்லை போலிருக்கிறது. உங்கள் பட்டியலில் விடுபட்ட ஆள் அவர்தான். யாராவது அவரிடம் சொல்லலாம், பிற்காலத்தில் உபயோகப்படும்.

மூன்றாவது முறைதான் அந்த ஓர் ஆள் கிடைத்தார்.

வார்டில் அவர்களைப் பூதக்கண்ணாடி என்பார்கள். ஐம்பது வயது நர்ஸ். மஞ்சள் பெட்டி எழுந்ததும் டேப்பை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். உதடு அசைய இரண்டு வரியையும் படித்தார்கள். ‘நிறுத்து’ அழுத்தினார்கள். நேரே படுக்கைக்குப் போய் நோயாளியிடம், “உனக்கு எந்த ஊசியாவது ஒத்துக்காதாம்மா?” என்று கேட்டார்கள். பிறகு மருத்துவருக்குப் போன் செய்தார்கள். “டாக்டர், இதை நீங்களா எழுதினீங்க? எழுதிட்டு மறந்துட்டீங்களா, இல்ல எழுதவே இல்லையா?” அன்று அந்த மருத்துவருக்கு அறுபது நோயாளிகள். மறந்திருப்பேன் என்றார். பூதக்கண்ணாடிக்கு அது திருப்தியாக இல்லை. எங்கள் உதவி மையத்துக்குப் புகார் எழுதினார்கள். ‘டாக்டர் எழுதாத மருந்து திரையில் வருகிறது. தயவுசெய்து உடனே பார்க்கவும். அவசரம்.’

திரை பற்றிய புகார்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். ‘பயனரின் புரிதல் பிழை. சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி மூடினேன். எட்டு வருடத்தில் அந்தச் சொற்களை நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்றுதானே கேட்கப்போகிறீர்கள். நிறுத்துவதாகத்தான் இருந்தேன். அன்று வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்தேன். ஆனால் யோசித்தபோது ஒன்று உறுத்தியது. பூதக்கண்ணாடி அந்த வாரம்தான் கண்ணாடி மாற்றியிருந்தார்கள். புதுக் கண்ணாடி பழகாமல் எதைப் பார்த்தாலும் மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோனார்கள். கேன்டீனில் ‘கை கழுவவும்’ என்ற அறிவிப்பைக்கூட நின்று படித்ததை நான் பார்த்தேன். அப்படிப்பட்டவரை ஒரு சராசரிப் பயனராக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த மாதிரிப் பதிவுகளை நாங்கள் விதிவிலக்கு என்று ஒதுக்கிவைப்போம். நான் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் இல்லை அது.

மேலும், எல்லோரையும் சோதித்துவிட்டுச் சம்பந்தப்பட்டவரை விட்டுவிட்டேன் என்று தோன்றியது. சிரிப்பு சிஸ்டரைத்தான் சோதிக்கவேண்டும். ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். அதே ஆள், அதே பெட்டி, இரண்டாவது முறையும் அதையே செய்தால் பிறகு பேச்சே இல்லை.

நான்காவது, மூன்றாம் படுக்கையில் இருந்த பேருந்து ஓட்டுநர். நாற்பத்தொரு வயது. காலில் புண் ஆறாமல் சேர்ந்திருந்தார். அவர் சேர்ந்த காலையில் நான் வரவேற்பில் நின்றுகொண்டிருந்தேன். நோயாளியோ உடன் வந்தவரோ டேப்பில் விவரம் நிரப்பவேண்டும். பதினோரு திரைகள். சாதாரணமாக யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அவர் பதினான்கு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். நடுவில் என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டார்.

“எல்லாத்தையுமா படிக்கிறீங்க?” என்றேன். வேலை சம்பந்தமாகத்தான் கேட்டேன்.

“பஸ்ல ‘படியில் நிற்காதே’ன்னு இவ்ளோ பெருசா எழுதிப் போட்டிருக்கு தம்பி. பதினெட்டு வருஷமா ஓட்டுறேன், ஒருத்தனும் படிச்சதில்ல. அந்த வயித்தெரிச்சல்லதான் எங்க எது எழுதியிருந்தாலும் நான் படிச்சிடுறது. எழுதினவன் மனசு குளிரட்டுமே.”

எட்டு வருடத்தில் வரவேற்பில் நின்று அந்தப் பதினோரு திரைகளையும் முழுதாகப் படித்த பயனர் அவர் ஒருவர்தான். ஏழாவது திரையில், எந்த ஊசி ஆகாது, எப்போது தெரிந்தது, என்ன ஆனது எல்லாம் எழுதியிருந்தார். இவ்வளவு முழுமையான பதிவு அந்த மாதம் வேறு யாரிடமும் இல்லை. அதனால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். அவர் அங்கே இருந்த மூன்று நாளும் நான் நோட்டுப் புத்தகத்தோடு வார்டில் சுற்றுவதைப் பார்த்து, “என்ன தம்பி, சிஸ்டருங்களுக்குப் பரீட்சையா? எனக்கு வர்ற சிஸ்டருக்குக் கொஞ்சம் கூட மார்க் போடுங்க, ஊசி வலிக்காமப் போடுது” என்பார்.

அன்றும் மதியம் இரண்டு மணி. ஷிஃப்ட் மாறுகிற நேரம். சிரிப்பு சிஸ்டர் அந்த நாட்களில் சிரிப்பதில்லை. பெயர் மட்டும் இருந்தது. மூன்றாம் படுக்கையின் பக்கத்தில் நின்று டேப்பைத் திறந்தாள். நான் இரண்டடி பின்னால் நின்றேன். மஞ்சள் பெட்டி எழுந்தது.

விரல் கீழே போனது. நின்றது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று விநாடி. ஐந்து. ஏழு. படித்தாளா, மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் பயந்து நின்றாளா என்று சொல்வதற்கில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“சார், இது உங்க டெஸ்டா, நிஜமா? அழுத்தலாமா சார்?”

நான் சொன்னேன். “நான் இங்க இல்லைன்னு நினைச்சுக்கோங்க. வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க.”

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. நான் அப்படிச் சொன்னால் சோதனைதான் என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ முறை கேட்ட வாக்கியம். ‘தொடர்’ அழுத்தினாள். ஒன்பது புள்ளி நான்கு விநாடி.

ஊசி தயாராக நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடத்தைப் பற்றித்தான் நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். நான் அங்கேதான் இருந்தேன். ஒரு சொல் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஆய்வு நடக்கும்போது பார்ப்பவன் பேசுவதில்லை. ஊசி இறங்கும்போது ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“என்ன தம்பி, சிஸ்டர் பாஸா?”

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. மற்றது மருத்துவ அறிக்கையில் இருக்கிறது.

நான் கேன்டீனுக்குப் போய், மடிக்கணினியைத் திறந்து, ‘பயனர்’ என்ற கட்டத்தில் குறியிட்டேன். அறிக்கை போய்விட்டது. கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். அத்தை கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன்.

“எழுதியாச்சு அத்தை. அந்த சிஸ்டர் மேலதான் தப்பு.”

அத்தை தட்டில் சோற்றை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு, “பாவம். அதையும் ஒருத்தி பெத்திருப்பால்ல” என்றார்கள். இன்னும் ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். பிறகு நான் சாப்பிட்டேன்.

நிற்பது படிப்பது ஆகாது மேடம். ஒன்பது விநாடி நின்றாளே என்று நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கடைசியில் அழுத்தினாளா இல்லையா. என்னிடம் கேட்டாள் என்பதும் சரி. நோயாளியிடம்தானே கேட்டிருக்கவேண்டும். பெட்டியில் அப்படித்தானே எழுதியிருக்கிறது.

அவள் உங்களிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. பூதக்கண்ணாடி அந்தப் புகாரைக் காகிதத்தில் நகல் எடுத்து வைத்திருந்ததிலும் ஆச்சரியமில்லை. நீங்கள் வந்தபோது நான் ஓடவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறேன். தையற்கடை அம்மாவின் திரையை மாற்றியது நான். மாணவரின் திரையை மாற்றியது நான். பூதக்கண்ணாடி காப்பாற்றிய பெண்ணின் திரையையும் நான்தான். ஓட்டுநரைக் கொன்றது நான். சிஸ்டரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தச் சாவு அவள் கணக்கில் வராது. என் மனைவியின் சாவு வேறு.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். என் மனைவியின் பெட்டியில் ‘ஒவ்வாமை விவரம் உறுதி செய்யப்படவில்லை’ என்று இருந்ததே, அதை யார் உறுதி செய்திருக்கவேண்டும் என்று.

உடன் வந்தவர். வரவேற்பில் கொடுக்கும் டேப்பில். ஏழாவது திரை.

ஆமாம். நான்தான் நிரப்பினேன். அவளால் நிற்க முடியவில்லை. இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு வலது கையில் டேப்பை வைத்திருந்தேன். அவள் நெற்றி என் தோளில் கொதித்தது. ‘அடுத்து’ பொத்தானும் கீழே வலது பக்கம், கட்டைவிரல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். பதினோரு திரைகள். பதிவில் பத்தொன்பது விநாடி என்று இருப்பது சரிதான்.

அந்தத் திரைகளை முதன்முதலில் அவளிடம்தான் சோதித்தேன். கல்யாணமான புதிது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதினொன்றையும் படித்தாள். “ஊர்ல உள்ளவங்க கையெல்லாம் பார்க்கிறீங்க, என் மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்க, எவ்ளோ கடுப்பா இருக்குன்னு தெரியும்” என்றாள். பிறகு ஏழாவது திரையைக் காட்டி, “அலர்ஜியக் கொண்டுபோய் ஏழாவதா வெச்சா எவன் படிப்பான்? இதை முதல்ல போடுங்க. என்னை மாதிரி ஆளு செத்தேபோயிடுவா” என்றாள். நான் சிரித்தேன். ஒருவர் கருத்தை வைத்துத் திரையை மாற்ற முடியாது என்று விளக்கினேன்.

அந்தப் பத்தொன்பது விநாடியை ஆய்வில் ஏன் சேர்க்கவில்லை என்றால், அது பயனர் பதிவு இல்லை மேடம். அந்தப் பதினொன்றையும் செய்தவனே நான். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததை யாரும் படிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னேன் என்று அத்தையிடம் சொன்னதும் அதனால்தான் பொய் ஆகாது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் சொன்னமாதிரிதான் இருந்தது.

முடிந்ததா. திரையை இந்தப் பக்கம் திருப்புங்கள்.

ஒன்பது பக்கமா. வேண்டாம், படிக்கத் தேவையில்லை. எல்லாம் நான் சொன்னதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே அழுத்தவேண்டும் என்று மட்டும் காட்டுங்கள்.